பழி துடைத்த எழுதுகோல்

நுழையும்முன்

குழந்தை பேசவில்லை; பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை; தாயின் அணைப்பையும் ஏற்கவில்லை. இதற்குக் காரணம் யார் என்னும் கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டு மருத்துவ உலகம் ஒரே விடையை வைத்திருந்தது. தாய்தான் காரணம் என்பதே அது. சான்று ஏதுமின்றி விதிக்கப்பட்ட இத்தீர்ப்பை அமெரிக்க உளவியலாளர் ஒருவர் மறுஆய்வுக்கு உட்படுத்தினார். அவர் ஆட்டிசம் துறையில் பயின்றவர் அல்லர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. பெற்றோருக்காகவும் வல்லுநர்களுக்காகவும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

பெர்னார்டு ரிம்லாண்ட் 1928ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில், குடியேறிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1940இல் அக்குடும்பம் கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள சான் டியாகோ துறைமுக நகருக்குப் பெயர்ந்தது. அவர் வாழ்நாளின் பெரும்பகுதி அந்நகரிலேயே கழிந்தது. அங்குள்ள மாநிலக் கல்லூரியில் உளவியலில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களைப் பெற்றார். 1951இல் குளோரியாவை மணந்தார். பின்னர்ப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலில் முனைவர் பட்டம் பெற்றுச் சான் டியாகோவுக்குத் திரும்பினார்.

அங்கு அமெரிக்கக் கடற்படையின் பணியாளர் ஆய்வகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. எந்த வீரருக்கு எந்தப் பணி பொருந்தும் என்பதைக் கண்டறியும் தேர்வுகளை வடிவமைப்பதே அவர் வேலை. வினாக்களை அமைத்தல், விடைகளை எண்களாக மாற்றுதல், அவ்வெண்கள் உணர்த்தும் உண்மையை ஆராய்தல் ஆகியன அவருடைய அன்றாடப் பணிகளாயின. குழந்தை உளவியலுக்கும் அவருக்கும் அப்போது எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும், அளவிடாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்னும் அவ்வலுவலக ஒழுங்கே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

மகன் தந்த கேள்வி

1956இல் அவ்விணையருக்கு மார்க் என்னும் மகன் பிறந்தான். பிறந்தது முதலே அவன் இடைவிடாது வீறிட்டு அழுதான். பசி தீர்ந்தும் அழுகை ஓயவில்லை. தூக்கி அணைத்தால் மேலும் மிகுந்தது. வளர வளர, உடலை முன்னும் பின்னும் ஆட்டியபடியே இருந்தான். தலையைத் தொட்டிலில் மோதிக்கொண்டான். அவனைச் சுற்றியிருந்தவற்றில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அவனால் தாங்க இயலவில்லை. தாய் ஒரு குறிப்பிட்ட வகை ஆடையை அணிந்திருந்தால் மட்டுமே ஓரளவு அமைதியடைந்தான். சொற்களைத் தெளிவாக ஒலித்தான். ஆனால், எதையேனும் கேட்பதற்கோ தெரிவிப்பதற்கோ அச்சொற்களைப் பயன்படுத்தவில்லை. குழந்தை மருத்துவருக்கும் காரணம் விளங்கவில்லை.

கல்லூரியில் படித்த பாடநூல் ஒன்றில் இத்தகைய குழந்தையைப் பற்றிய குறிப்பைப் படித்த நினைவு ஒருநாள் குளோரியாவுக்கு எழுந்தது. வீட்டின் பின்புறக் கொட்டகையில் கட்டிவைத்திருந்த பழைய நூல்களில் அது கிடைத்தது. அதில் மார்க்கின் இயல்புகள் அனைத்தும் நேரில் கண்டு எழுதியவைபோல் விவரிக்கப்பட்டிருந்தன. மழலைப்பருவ ஆட்டிசம் என்று அந்நிலைக்குப் பெயர் தரப்பட்டிருந்தது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ரிம்லாண்ட், அச்சொல்லை அன்றுதான் முதன்முறையாக எதிர்கொண்டார். அந்தக் காலத்தில் அது அத்துணை அரிதாகவே பேசப்பட்டது.

தாய்மீது சுமத்தப்பட்ட பழி

ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர், பால்டிமோர் நகரின் ஜான் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் ஆவார். அவர் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர் என 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறரோடு உணர்வால் இணையும் திறன் இக்குழந்தைகளிடம் பிறப்பிலேயே குறைந்திருக்கக்கூடும் என்று அக்கட்டுரையின் இறுதியில் குறிப்பிட்டார். அதே வேளையில், அவர்களின் பெற்றோரிடம் கனிவு குறைவாக உள்ளது என்றும் எழுதினார். பின்னாளைய கட்டுரைகளில் இப்பெற்றோரைக் குளிர்ப்பெட்டியோடு ஒப்பிட்டார்.

பிறப்பிலேயே அமைந்த காரணம் என்னும் கருத்து மறக்கப்பட்டது. குளிர்ப்பெட்டி உவமை மட்டும் நிலைத்தது. உளப்பகுப்பாய்வுக் கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. குழந்தைக்கு நேரும் மனக்கோளாறுகள் அனைத்துக்கும் பெற்றோரின் நடத்தையிலேயே காரணம் தேடப்பட்டது. தாய் தன் குழந்தையை உள்ளூர வெறுப்பதாலேயே அது தன்னை ஒடுக்கிக்கொள்கிறது என மருத்துவர்கள் பலர் நம்பினர். சிகாகோவில் மனநலப் பள்ளி ஒன்றை நடத்திவந்த புரூனோ பெட்டல்ஹைம் இக்கருத்தை மக்களிடையே பரப்பினார். நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டோரின் நிலையோடு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டும் எழுதினார்.

இக்கொள்கையின் விளைவுகள் கொடியனவாக இருந்தன. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்று கருதப்பட்டது. தாய்க்கு ஆண்டுக்கணக்கில் உளப்பகுப்பாய்வு செய்யப்பட்டது. குழந்தைக்கோ எழுத்தும் பேச்சும் கற்பிக்கப்படவில்லை. பொதுப்பள்ளிகள் பலவும் கதவை அடைத்தன. மகனையோ மகளையோ காப்பகத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுமாறு குடும்பங்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. இரவெல்லாம் விழித்துக் குழந்தையைக் காத்த தாய், அக்குழந்தையின் நிலைக்குத் தானே காரணம் என்னும் குற்ற உணர்வையும் சுமக்க வேண்டியிருந்தது.

ரிம்லாண்ட் இணையர் மகனைத் தம்மோடு வைத்தே வளர்த்தனர். குளோரியாவின் அன்பை நாள்தோறும் கண்ட கணவருக்கு, நூல்கள் கூறிய காரணம் பொருந்தாததாகத் தோன்றியது. ஆயினும், தம் வீட்டில் கண்டதை மட்டும் கொண்டு ஒரு கொள்கையை மறுக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, சான்று தேடப் புறப்பட்டார்.

நூலகங்களில் ஒரு தேடல்

பகலில் கடற்படைப் பணி. இரவிலும் விடுமுறை நாள்களிலும் ஆட்டிசம் ஆய்வு. ஆட்டிசம் பற்றி அதுவரை வெளிவந்த கட்டுரைகள் அனைத்தையும் படித்துவிட வேண்டும் என்று அவர் உறுதிபூண்டார். அலுவல் காரணமாக வெளியூர் செல்ல நேர்ந்தபோதெல்லாம் அவ்வூர் மருத்துவ நூலகங்களுக்குச் சென்றார். ஒளிப்படி எடுக்கும் வசதி எளிதில் கிட்டாத காலமாதலால், தேவையானவற்றைக் கையால் குறிப்பெடுத்தார். பிறமொழிக் கட்டுரைகளை மொழிபெயர்க்கச் செய்து படித்தார்.

படிக்கப் படிக்க அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. தாயே காரணம் என்று பலரும் எழுதியிருந்தனர். எவரும் அதை மெய்ப்பித்திருக்கவில்லை. ஒருவர் கூறியதை மற்றொருவர் மேற்கோள் காட்டியிருந்தார். அவரைப் பிறிதொருவர் சான்றாக்கியிருந்தார். இவ்வாறு பலமுறை சொல்லப்பட்டதாலேயே ஓர் ஊகம் உண்மையின் தகுதியைப் பெற்றிருந்தது. சில ஆண்டு உழைப்புக்குப்பின் அவருடைய குறிப்புகள் ஒரு நூலாக விரிந்தன. கையெழுத்துப்படியாக இருந்தபோதே அந்நூலுக்கு உளவியல் நூல்களுக்கான பரிசு ஒன்று கிடைத்தது.

கருத்தை மாற்றிய நூல்

மழலைப்பருவ ஆட்டிசம் என்னும் தலைப்பில் அந்நூல் 1964இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் லியோ கானர். பெற்றோரைக் குளிர்ப்பெட்டியோடு ஒப்பிட்ட அறிஞரே அப்பெற்றோருக்காக வாதாடிய நூலை வரவேற்றது, அறிவுலகின் நேர்மைக்கு ஒரு சான்றாகும்.

சினத்தாலோ இரக்கத்தாலோ அந்நூல் வாதிடவில்லை. சான்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது. கனிவு குறைந்தவர் என்னும் வருணனைக்குச் சற்றும் பொருந்தாத பெற்றோருக்கும் ஆட்டிசம் உடைய குழந்தைகள் பிறந்துள்ளனர். அவ்வருணனைக்குப் பொருந்தும் பெற்றோர் பலருக்கு அத்தகைய குழந்தைகள் இல்லை. ஆட்டிசம் உடைய குழந்தையின் உடன்பிறந்தோர் பெரும்பாலும் இயல்பாகவே வளர்கின்றனர். ஒரே தாய் ஒரு குழந்தையை மட்டும் எவ்வாறு பாதித்திருக்க இயலும்? குழந்தைகள் பலர் பிறந்த நாள் முதலே வேறுபட்டு நடந்துகொள்கின்றனர். தாயின் நடத்தை அவர்களைப் பாதிக்க அதற்குள் காலம் ஏது? சிறுமியரைவிடச் சிறுவர் மூன்று அல்லது நான்கு மடங்கு மிகுதியாகக் காணப்படுவது ஏன்? ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏன்? இவ்வினாக்கள் அனைத்தும் தாயின் மனத்தை விடுத்து உடலியலையே சுட்டின.

ஆட்டிசம் மூளையின் அமைப்பும் செயலும் சார்ந்தது என்பதே நூலின் முடிவு. மூளைத்தண்டிலுள்ள வலைப்பின்னல் போன்ற ஒரு பகுதியில் காரணம் இருக்கலாம் என்று ரிம்லாண்ட் ஊகித்தார். அக்குறிப்பிட்ட ஊகம் பின்னாளில் நிலைபெறவில்லை. ஆனால், தேட வேண்டிய திசையை அந்நூல் மாற்றியது. 1977இல் இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, ஆட்டிசத்தில் மரபுக்கூறுகளுக்குப் பங்கு உண்டு என்பதைக் காட்டினர். ஒத்த இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. ஒவ்வா இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை.

கடிதங்களும் வினாப்பட்டியலும்

நூலின் இறுதியில் ஒரு வினாப்பட்டியலை ரிம்லாண்ட் இணைத்திருந்தார். குழந்தையின் பிறப்பு, வளர்ச்சி, பேச்சு, நடத்தை ஆகியன பற்றிய கேள்விகள் அதில் இருந்தன. கடற்படை வீரர்களுக்குத் தேர்வு வகுத்த அதே பயிற்சி, இங்குக் குழந்தைகளின் இயல்பை அறியப் பயன்பட்டது. நூலைத் தேடிப் படித்த பெற்றோர் பலர், அப்பட்டியலை நிரப்பி அவருக்கு அனுப்பத் தொடங்கினர். அதனோடு நீண்ட கடிதங்களும் வந்தன. ஆண்டுக்கணக்கில் எவரிடமும் சொல்ல இயலாதவற்றை அவற்றில் அவர்கள் எழுதியிருந்தனர்.

ரிம்லாண்ட் அக்கடிதங்களுக்கு விடை எழுதினார். தொலைபேசியில் அழைத்தோருடன் பேசினார். பெற்றோரைச் சிகிச்சைக்குரியவராகக் காணாமல் சாட்சியாகக் கண்டதே அவர் செய்த மாற்றம். மருத்துவர் ஒரு குழந்தையைச் சில மணி நேரம் பார்க்கிறார். தாயோ நாள் முழுதும் காண்கிறார். அவ்வறிவை வீணாக்கலாகாது என்று அவர் கருதினார். பட்டியலைத் திருத்தி ஈ-2 என்னும் படிவமாக வெளியிட்டார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் நிரப்பப்பட்ட படிவங்கள் வந்து, பல்லாயிரம் குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள் அவரிடம் சேர்ந்தன.

அக்குறிப்புகளிலிருந்து பிறந்த ஆய்வுகளுள் ஒன்று தனித்திறன் பற்றியது. 5,400 குழந்தைகளின் படிவங்களை ஆராய்ந்தபோது, 531 குழந்தைகளிடம் இசை, ஓவியம், கணக்கு, நினைவாற்றல் முதலியவற்றில் ஏதேனும் ஒரு தனித்திறன் இருப்பதாகப் பெற்றோர் தெரிவித்திருந்தனர். பத்தில் ஏறத்தாழ ஒருவர் என்னும் இக்கணக்கை 1978இல் அவர் வெளியிட்டார். இயலாமையை மட்டுமே எண்ணிவந்த ஒரு துறையில், இயலுவனவற்றையும் எண்ண வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

பெற்றோர் ஒன்றிணைந்தனர்

தனித்தனியே தவித்த குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள ரிம்லாண்டுக்கு வந்த கடிதங்களே வழிவகுத்தன. கடிதம் எழுதியோரைத் திரட்டி, 1965இல் ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கான தேசியச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் இல்லத்தில் அதன் முதற்கூட்டம் நடந்தது. இன்று அமெரிக்க ஆட்டிசம் சங்கம் என வழங்குவது அதுவே. ரூத் சல்லிவன் போன்ற தாய்மார்கள் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றுக் கல்வி உரிமைக்காகப் போராடினர். 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் அனைவருக்கும் பொதுக்கல்வியை உரிமையாக்கியது.

1967இல் ரிம்லாண்ட் குழந்தை நடத்தை ஆய்வு நிறுவனத்தைச் சான் டியாகோவில் நிறுவினார். பின்னர் அது ஆட்டிசம் ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. பெட்டல்ஹைம் தாய்மாரைக் குறைகூறும் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். பழியும் மறுப்பும் ஒரே காலத்தில் நேருக்கு நேர் நின்றன. 1969இல் தேசியச் சங்கத்தின் மாநாட்டில் பேசிய கானர், பெற்றோர்மீது குற்றமில்லை என வெளிப்படையாக அறிவித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குற்றவாளிகளாக நடத்தப்பட்டோர் அன்று விடுவிக்கப்பட்டனர்.

பழி நீங்கினால் மட்டும் குழந்தை பேசிவிடாது. கற்பிக்க வழி வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ், ஒவ்வொரு திறனையும் சிறு படிகளாகப் பகுத்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கிவந்தார். ரிம்லாண்ட் அதை நேரில் கண்டு பெற்றோரிடையே பரப்பினார். அம்முறையின் தொடக்கக் காலத்தில் கையாளப்பட்ட தண்டனைகள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. எனினும், இக்குழந்தைகளுக்குக் கற்பிக்க இயலும் என்னும் நம்பிக்கை குடும்பங்களிடையே வேரூன்றியது.

இருவகை வாசகருக்கும் ஓர் இதழ்

ஆய்வாளர் எழுதுவது பெற்றோருக்கு விளங்குவதில்லை. பெற்றோர் காண்பது ஆய்வாளரை எட்டுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப, 1987இல் காலாண்டு மடல் ஒன்றை ரிம்லாண்ட் தொடங்கினார். உலகெங்கும் வெளியாகும் ஆட்டிசம் ஆய்வுகளின் சுருக்கத்தை எளிய ஆங்கிலத்தில் அது தாங்கிவந்தது. பெற்றோரும் மருத்துவரும் ஆசிரியரும் ஒரே பக்கத்தைப் படித்தனர். தாய் ஒருத்தி மருத்துவர்முன் அஞ்சாமல் கேள்வி கேட்கும் துணிவை அப்பக்கங்கள் அளித்தன.

1988இல் ரெயின் மேன் என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஆட்டிசம் உடைய நடுத்தர வயதினர் ஒருவரைக் கதைமாந்தராகக் கொண்ட அப்படத்துக்கு ரிம்லாண்ட் அறிவுரையாளராக இருந்தார். அவ்வேடத்தை ஏற்ற டஸ்டின் ஹாஃப்மன் மார்க்கையும் சந்தித்தார். மருத்துவ நூல்களில் முடங்கிக் கிடந்த ஒரு சொல்லை அப்படம் உலக மக்களின் பேச்சுவழக்கில் சேர்த்தது.

சான்றும் நம்பிக்கையும்

ரிம்லாண்டின் பிற்கால வாழ்வு வேறொரு பாடத்தையும் கொண்டது. சில உயிர்ச்சத்துகள் தம் குழந்தைகளுக்குப் பயனளித்ததாகப் பெற்றோர் எழுதியதைக் கண்டு, பி6 உயிர்ச்சத்தையும் மக்னீசியத்தையும் மிகுந்த அளவில் தரும் முறையை அவர் ஆதரித்தார். பிற ஆய்வாளர்கள் அம்முறையைப் பரிசீலித்தபோது போதிய சான்று கிடைக்கவில்லை. தடுப்பூசிகளாலும் அவற்றில் சேர்க்கப்பட்ட பாதரசக் கலவையாலும் ஆட்டிசம் நேரலாம் என்றும் அவர் நம்பினார். டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தட்டம்மைக்கான முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை எனக் காட்டியது. பாதரசக் கலவை பற்றிய ஆய்வுகளும் அவ்வாறே முடிந்தன. ஆயினும், அவர் தம் கருத்திலிருந்து விலகவில்லை.

1964இல் அவர் வென்றதற்குக் காரணம், புகழ்பெற்றோர் சொல்லையும் சான்றின் தராசில் இட்டு நிறுத்ததே ஆகும். பிற்காலத்தில் அவருடைய சொல்லையும் அதே தராசில் இட்டனர் அறிவியலாளர். சில கருத்துகள் எடை குறைந்தன. பெற்றோரின் சொல்லைச் செவிமடுத்ததே அவருடைய வலிமை. அச்சொல்லை ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளாமல் முடிவாகக் கொண்ட இடங்களில் அவர் வழுவினார். அவர் கற்றுக்கொடுத்த அளவுகோலே அவரையும் அளக்கிறது.

நிலைத்த பயன்

ரிம்லாண்ட் 2006ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தம் 78ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். மார்க் அதற்குள் ஓவியராக வளர்ந்திருந்தார். தம் தங்கை எழுதிய சிறுவர் நூல் ஒன்றுக்கு அவர் வரைந்த ஓவியங்களே அணிசேர்த்தன. பிறந்த நாள் முதல் வீறிட்டழுத குழந்தையின் கைகள், பிற குழந்தைகள் பார்த்து மகிழும் பூனைகளை வரைந்தன.

இன்று உலகின் எம்மூலையிலும், ஆட்டிசம் உடைய குழந்தையின் தாயிடம் அவள் அன்பு காட்டாததே காரணம் என்று அறிவியல் கூறுவதில்லை. குழந்தையின் பயிற்சியில் பெற்றோரும் பங்கேற்கின்றனர். அவர்கள் தரும் தகவல் பதிவு செய்யப்படுகிறது. இம்மாற்றத்துக்காகப் பலர் உழைத்தனர். பணி முடிந்த இரவுகளில், நூலகத்துக் குறிப்புகளைக்கொண்டு முதற்கதவைத் திறந்தவருள் ஒருவராக ரிம்லாண்ட் நினைக்கப்படுகிறார்.

தெரிந்து தெளிவோம்

ஆட்டிசம் என்னும் சொல், தான் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜின் பிளாய்லர் அதை உருவாக்கினார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானரும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் குழந்தைகளிடம் இந்நிலையைக் கண்டு எழுதினர். தமிழில் மதியிறுக்கம் என்றும் இது வழங்கப்படுகிறது. ஆட்டிசம் நோயன்று, மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. அதன் தன்மை ஒவ்வொருவரிடமும் வேறுபடும். ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. பலமுறை சொல்லப்படுவதாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடுமா? பாடத்திலிருந்து சான்று காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. தாயே காரணம் என்னும் கொள்கையை மறுக்க ரிம்லாண்ட் முன்வைத்த சான்றுகளைத் தொகுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ஆட்டிசம் உடைய மாணவர் ஒருவர் வகுப்பில் சேர்ந்தால், அவர் இயல்பாகக் கற்க உடன்பயில்வோர் செய்யத்தக்கனவற்றைப் பட்டியலிடுக.